காலைக்கு ஒருத்தி, மாலைக்கு ஒருத்தி

அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஆளில்லாமல் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. டிப்போவில், தெருவில், மளிகைக்கடையில் எங்கேயும் அவள் டிரைவரம்மாதான். ஒரு நாள் புருஷனே வாய்தவறி, "டிரைவரம்மா, டீ இருக்கா?" என்று கேட்டுவிட்டு, அவள் பார்த்த பார்வையில் தானே எழுந்து போய் டீ போட்டுக்கொண்டார்.

கல்யாணத்துக்கு முன்னால் ஒரு கோழிப்பண்ணைக்கு முட்டை வேன் ஓட்டினாள். முட்டை ஏற்றி ஓட்டிப் பழகியவளுக்கு மனுஷர்களை ஏற்றி ஓட்டுவது பெரிய வித்தையாகத் தெரியவில்லை. "முட்டை எவ்வளவோ தேவலை, வண்டி குலுங்கினா திட்டாது," என்பாள். நகரப் பேருந்தில் வேலை கிடைத்ததும் ஆஸ்பத்திரி வழியாகப் போகிற ரூட்டை அவளுக்குக் கொடுத்தார்கள். கட்டுப் போட்ட கையோடு ஒருவர் ஏறுவார், பிறந்து சில நாளே ஆன குழந்தையோடு ஒருத்தி ஏறுவாள், எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு யாராவது ஏறுவார்கள். ஒரு குலுக்கல் இல்லாமல் கொண்டுபோய் விடுவாள். காலியாக வருகிற பஸ்ஸை விட்டுவிட்டு அவள் வண்டிக்காக நின்றவர்களும் உண்டு.

வீடு மூன்றாவது மாடியில். புருஷன் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் உள்ள லிஃப்டையெல்லாம் ஏற்றி இறக்கிவிட்டு, சாயங்காலம் லிஃப்டே இல்லாத தன் கட்டடத்தில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏறி வருவார். அவருடைய அக்காவும் அவர்களோடுதான் இருந்தார். கல்யாணம் செய்துகொள்ளாமல் டெலிபோன் ஆபீசில் காலம் முழுக்க வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். டிரைவரம்மாவுக்கு அவர் அண்ணி. அண்ணிக்கு முழங்கால் இரண்டும் தேய்ந்துவிட்டன. ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்தபடியே சமையலறையிலிருந்து தெருக்கோடி வரை நிர்வாகம் செய்வார். குரல் மட்டும் தேயவில்லை.

அந்த வீட்டில் மூட்டுவலி என்றால் அது அண்ணியின் தனிச் சொத்து. தைலம், வெந்நீர்ப் பை, சாய்ந்துகொள்ளத் தலையணை எல்லாம் அவர் பக்கம். அதனால் நாற்பதைத் தாண்டியதும் தனக்கும் வலி ஆரம்பித்தபோது டிரைவரம்மா வாயைத் திறக்கவில்லை. அந்தச் சொத்தில் பங்கு கேட்கவா முடியும்?

முதலில் பாதம்தான். காலையில் கட்டிலை விட்டுக் காலை ஊன்றினால், தரையில் யாரோ கூழாங்கல்லைக் கொட்டி வைத்தது போல இருந்தது. பிறகு விரல்கள். இரண்டு கையிலும் ஒரே கணுக்கள், பேசி வைத்துக்கொண்டது மாதிரி, ஒரே சமயத்தில் வீங்கின. தொட்டால் சூடாக இருந்தன. எழுந்ததும் விரலை மடக்க முடியாது. வாளியில் சுடுதண்ணீர் வைத்து அதற்குள் இரண்டு கையையும் விட்டுக்கொண்டு குளியலறையில் குந்தியிருப்பாள். விரல்கள் இளகி மனுஷர் விரல் மாதிரி ஆவதற்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வலியை விட மோசம் அசதி. எட்டு மணி நேரம் தூங்கி எழுந்தாலும் மூட்டை தூக்கிவிட்டு வந்தவள் மாதிரி உடம்பு கெஞ்சும்.

மோதிரம் விரலில் மாட்டிக்கொண்டது. சோப்பு, எண்ணெய் எதற்கும் மசியவில்லை. நகைக்கடைக்காரர் சின்ன ரம்பத்தால் அறுத்து எடுத்துக் கையில் கொடுத்து, "கொஞ்சம் சதை போட்டுட்டீங்கம்மா," என்று சிரித்தார். உண்மையில் அவள் இளைத்துக்கொண்டிருந்தாள். யூனிஃபார்ம் பேண்ட்டுக்கு ஊசி குத்தித்தான் போட்டுக்கொண்டிருந்தாள். புருஷனிடம், "ஸ்டியரிங் பிடிக்க இடைஞ்சலா இருந்துச்சு, கழட்டி வெச்சுட்டேன்," என்றாள். அவர் நம்பினார். லிஃப்ட் கயிற்றில் ஒரு இழை அறுந்தால் கண்டுபிடிக்கிற மனுஷர், மனைவி விரலைப் பார்க்கவில்லை.

பார்த்தது அண்ணி. ஆனால் வேறு மாதிரி பார்த்தார்.

ஒரு காலையில் டிரைவரம்மா காபித்தூள் பாட்டிலை வைத்துக்கொண்டு திண்டாடினாள். மூடி அசையவில்லை. புருஷனைத் தூக்கத்திலிருந்து எழுப்பித் திறக்கச் சொன்னாள். அன்றைக்கு மத்தியானமே, ஷிஃப்ட் முடிந்து வரும் வழியில், இரண்டு கையிலும் காய்கறிப் பையோடு மூன்று மாடி ஏறி வந்தாள். அவள் குளிக்கப் போனதும் அண்ணி தம்பியிடம் சொன்னது குளியலறை வரைக்கும் கேட்டது.

"காலையில ஒரு மூடி திறக்க ஊரைக் கூட்டுறா. மத்தியானம் பாரு, பீமன் மாதிரி பை தூக்கிட்டு வரா. கடிகாரம் பார்த்து வர்ற வலியை நான் இப்பத்தான் பார்க்கிறேன்."

"விடுக்கா, காதுல விழப்போகுது."

"விழட்டுமே."

டிரைவரம்மாவுக்கும் அண்ணியைப் பற்றி ஒரு கணக்கு இருந்தது. லீவு நாள் காலையில் பார்த்தால் அண்ணி சாதாரணமாகத்தான் எழுந்து நடப்பார். பல் துலக்குவார், ஜன்னலைத் திறப்பார், பேப்பர்காரனோடு வாக்குவாதம் செய்வார். சாயங்காலம் அடுப்பு வேலை தொடங்கும் நேரம் பார்த்து, "அப்பாடா, முட்டி உயிரெடுக்குது," என்று நாற்காலியில் சாய்ந்துவிடுவார். "வேலைன்னா மட்டும் வலிக்கிற முட்டி எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு," என்று அவள் தன் கண்டக்டரிடம் சொல்லிச் சிரித்திருக்கிறாள். இப்படி ஒருத்தி நடிக்கிறாள் என்று இன்னொருத்தி நினைத்துக்கொண்டு, ஒரே சோப்பில் கை கழுவிக்கொண்டு, இரண்டு பேரும் காலத்தை ஓட்டினார்கள்.

டிப்போவில் மறைப்பது இன்னும் கஷ்டம். அவளுடையது விடிகாலை ஷிஃப்ட். எல்லோருக்கும் முன்னால் போய், டீ டம்ளரை இரண்டு உள்ளங்கையாலும் பொத்திப் பிடித்து, சூட்டைக் கணுக்களுக்குள் இறக்குவாள். கியர் கம்பியின் தலையில் பழைய துண்டைச் சுற்றிப் பருமனாக்கி வைத்தாள். மெடிக்கல் ஷாப்பில் சொல்லி வாங்கிய வலி மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கி விழுங்கி, வயிறு அடுப்பு மாதிரி எரிந்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் சீட்டு எழுதுவார்கள், சீட்டு டிப்போவுக்குப் போகும், சாவியைப் பிடுங்கிவிடுவார்கள். அதுதான் அவள் பயம்.

கண்டக்டர் அவளைவிட வயதில் சின்னவர், வாயாடி, ஆனால் கண் கூர்மை.

"அக்கா, கியர் போடும்போது உங்க முகம் சுருங்குது."

"வெயில் கண்ணுல அடிக்குதுப்பா."

"இன்னும் விடியவே இல்லையேக்கா."

அவள் வண்டியை எடுத்தாள்.

மழைக்காலம் வந்தது. குளிர் ஏற ஏற விரல்களின் பிடிவாதமும் ஏறியது. ஒரு நாள் காலை, ஆஸ்பத்திரிக்கு முந்தைய ஸ்டாப்பில் வண்டியை நிறுத்தினாள். அது நல்ல மேடு. பின்னால் ஆட்டோ, பைக், பள்ளிக்கூட வேன் எல்லாம் ஒட்டி நின்றன. ஊன்றுகோலோடு ஒரு பெரியவர் இறங்க வேண்டும், நேரம் பிடிக்கும். ஹேண்ட் பிரேக்கைப் போடக் கையை நீட்டினாள். கை போனது, விரல் மடங்கவில்லை. கம்பியின் மேல் கட்டை மாதிரி கிடந்தது. இரண்டாம் தடவை முயன்றாள். அதற்குள் கால் பிரேக்கில் லேசாகத் தளர, வண்டி ஒரு சாண் பின்னால் நகர்ந்தது. பெரியவர் படியில் ஒரு காலும் தரையில் ஒரு காலுமாகத் தடுமாறிக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். காலை முழு பலத்தோடு அழுத்தினாள். வண்டி நின்றது.

யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. பெரியவர்கூட, "பார்த்தும்மா," என்று மட்டும் சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். பஸ்ஸில் பாதிப் பேருக்கு நடந்ததே தெரியாது.

அவளுக்குத் தெரியும்.

"தம்பி, இங்க வா. இந்த ஹேண்ட் பிரேக்கைப் போடு," என்றாள். கண்டக்டர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, ஓடிவந்து போட்டார். அவள் இஞ்சினை அணைத்துவிட்டு எழுந்து பயணிகள் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் மன்னிச்சுக்கங்க. இந்த வண்டி இதுக்கு மேல போகாது. அடுத்த வண்டியில ஏத்தி விடச் சொல்றேன்."

"காலங்காத்தால என்னம்மா கழுத்தறுப்பு? வண்டியில என்ன ரிப்பேர்?" என்றார் முன் சீட்டுக்காரர்.

"வண்டிக்கு ஒண்ணும் இல்லைங்க. எனக்குத்தான்."

முணுமுணுத்துக்கொண்டே மழைக்குள் இறங்கினார்கள். எல்லோரும் இறங்கிய பிறகு அவள் முதல் சீட்டில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு பார்த்தாள். அழுகை வரவில்லை. நெடுநாளாகத் தலையில் வைத்திருந்த சுமையை யாரையும் கேட்காமல் நடுரோட்டில் இறக்கி வைத்த மாதிரி இருந்தது. கூடவே, இனி என்ன செய்வோம் என்ற பயமும்.

டிப்போ மேனேஜர் திட்டுவார் என்று நினைத்துப் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "இடிச்சிட்டு வந்து சொல்றவங்களைத்தான் இத்தனை வருஷம் பார்த்திருக்கேன்," என்றார். பிறகு, "இவ்வளவு நாள் மறைச்சது தப்பு. அது தப்புதான்," என்றும் சொன்னார். இரண்டுமே நியாயம் என்று அவளுக்குப் பட்டது. சாவியைக் கொடுத்தாள். உடம்பு தேறும்வரை விசாரணை கவுண்ட்டரில் உட்காரச் சொன்னார்கள்.

மூட்டு நோய்க்கென்றே இருந்த டாக்டர் ஒரு பெண்மணி. அதிகம் பேசாதவர். அவளுடைய ஒவ்வொரு கணுவையும் கட்டைவிரலால் மெல்ல அழுத்தி, வலிக்கிறதா என்று வாயால் கேட்காமல் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டார். ரத்தம் எடுத்தார்கள், கைக்கும் பாதத்துக்கும் எக்ஸ்ரே எடுத்தார்கள். முடிவு வந்ததும் உட்கார வைத்துச் சொன்னார்.

"இதுக்கு முடக்குவாதம்னு பேரு."

"பேர்லயே முடக்கு இருக்கே டாக்டர்."

"பேர் வெச்ச காலத்துல மருந்து இல்லை. இப்ப இருக்கு." டாக்டர் தன் முஷ்டியை மடக்கிக் காட்டினார். "ரெண்டு எலும்பு சேர்ற இடத்துல உள்பக்கம் மெல்லிசா ஒரு சவ்வு இருக்கும். மூட்டு வழுக்கிட்டு அசையறதுக்கு அதுதான் நீர் சுரக்கும். வெளியில இருந்து கிருமி வந்தா எதிர்த்து நிக்க உடம்புல ஒரு படை இருக்குல்ல? உங்களுக்கு அந்தப் படை ஆள் தெரியாம இந்தச் சவ்வையே அடிக்குது. அதனாலதான் வீக்கம், சூடு. அடிக்க விட்டா குருத்தெலும்பு, எலும்பு எல்லாத்தையும் அரிச்சிடும். உடம்பே ஓயாம சண்டை போடுறதால அசதியும் வரும்."

அசதி என்ற சொல்லைக் கேட்டதும் அவள் நிமிர்ந்தாள். அதைச் சோம்பேறித்தனம் என்று இத்தனை நாளும் தன்னையே திட்டிக்கொண்டிருந்தாள்.

"காலையில கல்லு மாதிரி இருக்கு, மத்தியானம் சரியாயிடுது. யார்கிட்ட சொன்னாலும் நம்ப மாட்டாங்க டாக்டர்."

"நான் நம்புறேன். இந்த நோயோட குணமே அதுதான். அசையாம கிடந்தா இறுகும், அசைய அசைய இளகும்."

"நான் என்ன தப்பு பண்ணினேன்? ஈரத்துல வேலை பார்த்ததாலயா?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை. யாருக்கு ஏன் வருதுன்னு இன்னும் முழுசாத் தெரியாது."

எழுந்துகொள்ளப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள். "எங்க அண்ணிக்கும் மூட்டுவலிதான். ஆனா அவங்களுக்கு எல்லாமே தலைகீழ். காலையில நல்லா இருப்பாங்க, சாயங்காலம் ஆனா நகர முடியாதும்பாங்க."

"முட்டியா? வயசு அறுபதுக்கு மேலயா? அது தேய்மானமா இருக்கும். எலும்புக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற குருத்தெலும்பு நைஞ்சு போறது. நாள் பூரா பாரம் தாங்கத் தாங்க வலி கூடும், ஓய்வு எடுத்தா குறையும். மூட்டுவலின்னு சொல்றது ஒரே வார்த்தை, உள்ளே நடக்கிறது வேற வேற. அவங்க உட்கார்ந்தேதான் இருக்காங்களா?"

"ராஜ்ஜியமே உட்கார்ந்த இடத்துலதான்."

"அது கூடாது. தொடைச் சதை இளைச்சா முட்டிக்குத்தான் பாரம் கூடும். கூட்டிட்டு வாங்க, பயிற்சி சொல்லித் தரேன்."

வீட்டுக்கு வந்து புருஷனையும் அண்ணியையும் வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். புருஷன் அவள் கையை எடுத்து, விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அறுத்த மோதிரத்தைப் பற்றியும் அப்போதுதான் சொன்னாள். அவர் கையை விடவே இல்லை.

"அப்போ வேலியே பயிரை மேயுதுன்னு சொல்லு," என்றார் அண்ணி.

"அப்படித்தான் அண்ணி. இன்னொண்ணு. நீங்க நடிக்கலை."

"நான் நடிக்கிறேன்னு எப்ப சொன்னே?"

"சொல்லலை. நினைச்சேன்."

அண்ணி ஜன்னல் பக்கம் பார்த்தார். "நான் உன்னைப் பத்தி நினைச்சதோட நிறுத்தலை. வாய்விட்டே சொன்னேன்."

"காதுல விழுந்துச்சு."

"விழட்டும்னுதான் சொன்னேன்," என்றார் அண்ணி. சொல்லும்போது குரல் இறங்கியிருந்தது. அவர் குரல் இறங்கி அந்த வீட்டில் யாரும் கேட்டதில்லை.

மறுநாள் காலை டிரைவரம்மா எழுந்து வரும்போது சமையலறையில் விளக்கு எரிந்தது. அண்ணி நின்றுகொண்டு டீ வடிகட்டிக்கொண்டிருந்தார். அலமாரியில் இருந்த பாட்டில் மூடிகளெல்லாம் திறந்து, லேசாக மேலே வைக்கப்பட்டிருந்தன.

"உனக்குக் காலை ஆகாது, எனக்குச் சாயங்காலம் ஆகாது," என்றார் திரும்பாமல். "காலை வேலை என்னோடது. சாயங்காலம் உன்னோடது. ரெண்டு அரை ஆள் சேர்ந்தா ஒரு முழு ஆள் ஆகாதா என்ன?"

வீடு அப்படித்தான் நடந்தது. ரொட்டி வெட்டுவது, முட்டை வேகவைப்பது, பால்காரரோடு சண்டை எல்லாம் அண்ணியின் பொறுப்பு. மாலை அடுப்பும், மாடிப்படி ஏறி இறங்குகிற வேலையும் டிரைவரம்மாவுடையது. இடையில் புருஷனும் பாத்திரம் தேய்க்கக் கற்றுக்கொண்டார். இரண்டு பேர் மேற்பார்வையில் தேய்ப்பதால் அவருக்கு அது லிஃப்ட் குழிக்குள் இறங்குவதை விடப் பயமான வேலையாக இருந்தது.

மருந்து விஷயம்தான் பொறுமையைச் சோதித்தது. முக்கியமான மாத்திரை வாரத்துக்கு ஒரே நாள். தினமும் போட்டால் ஆபத்து என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். அந்த நாளை அண்ணி மனதில் குறித்துவைத்துக்கொண்டு, மற்ற நாளில் அந்த டப்பா பக்கம் யாரையும் விடவில்லை. மாத்திரை போட்ட மறுநாள் குமட்டும். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை. வாரங்கள் ஓடின, வீக்கம் வடியவில்லை. விசாரணை கவுண்ட்டர் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்தபடி, தன் பஸ்ஸை வேறொருவர் வெடுக் வெடுக்கென்று எடுத்துப் போவதைப் பார்ப்பாள். வயிறு அதற்கும் எரியும்.

ஒரு நாள், "இந்த எழவு மாத்திரையை நிறுத்தப் போறேன். ஒரு பிரயோஜனமும் இல்லை," என்றாள்.

அண்ணி பதிலுக்குப் புத்தி சொல்லவில்லை. கையை ஊன்றி எழுந்து, கதவைத் திறந்து, மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். டாக்டரிடம் போய்ப் பயிற்சி கற்றுவந்தும், வலிக்கும் என்று அதைச் செய்யாமல் ஏய்த்துக்கொண்டிருந்தவர் அவர்.

"நீ மாத்திரை போடு. நான் நடக்கிறேன். நீ நிறுத்துற அன்னைக்கு நானும் நிறுத்திடுவேன். அப்புறம் என்னைத் தூக்கிச் சுமக்கறது உன் தலையெழுத்து."

மிரட்டலா, பாசமா என்று தெரியாத ஒரு பேரம். டிரைவரம்மா மாத்திரை போட்டாள். அண்ணி முதலில் ஒரு மாடி இறங்கி ஏறினார். நாற்காலியில் உட்கார்ந்து காலை நீட்டி நீட்டி மடக்கினார். கெட்ட வார்த்தை கலந்து எண்ணிக்கொண்டே செய்தார்.

குணம் வந்த நாள் எது என்று டிரைவரம்மாவுக்குச் சொல்லத் தெரியாது. ஒரு காலையில் யூனிஃபார்ம் சட்டைப் பொத்தானெல்லாம் போட்டு முடித்துவிட்டு, கண்ணாடியில் பார்க்கும்போதுதான் உறைத்தது. யோசிக்காமல் போட்டிருந்தாள். சுடுதண்ணீர் வாளியிடம் போகவே இல்லை. கையை மடக்கினாள். இடது கை நடுவிரலைத் தவிர எல்லாம் மடங்கின. அந்த விரல் கொஞ்சம் சாய்ந்தே போய்விட்டது, அது அப்படியேதான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். மருந்து நிற்காது, நோய் அடங்கியிருக்கிறதே தவிரப் போய்விடவில்லை என்றும் சொன்னார். மறைக்காமல் சொன்னதே அவளுக்குப் பிடித்திருந்தது.

திரும்ப வண்டி ஓட்ட அனுமதி சும்மா கிடைக்கவில்லை. டிப்போ மைதானத்தில் வைத்து ஓட்டச் சொன்னார்கள். மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக்கைப் போடு, எடு, மறுபடி போடு என்று கேட்டுக்கொண்டே இருந்தார் பரிசோதகர். சலிக்காமல் போட்டாள். விடிகாலை ஷிஃப்ட் வேண்டாம், பத்து மணி ஷிஃப்ட் கொடுங்கள், சாயங்கால அடுப்புக்கு வீட்டுக்குப் போய்விடலாம் என்று அவளே கேட்டு வாங்கிக்கொண்டாள். கண்டக்டரும் ஷிஃப்ட் மாற்றிக்கொண்டு வந்துவிட்டார். "விடிகாலையில இன்னொருத்தர்கிட்ட வாயடிச்சா அடிக்க வராருக்கா," என்றார்.

முதல் நாள், அவர்கள் தெரு முனை ஸ்டாப்பில் கதவைத் திறந்தால், கையில் குச்சியோடு அண்ணி நிற்கிறார். மூன்று மாடி இறங்கி, தெருவைத் தாண்டி, தனியாக வந்திருந்தார். கண்டக்டர் கை கொடுக்கப் போனார். அண்ணி குச்சியால் அவரை ஓரம் தள்ளிவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக ஏறினார்.

"எங்க போகணும் அண்ணி?"

"எங்கயாவது. நீ ஓட்டு."

டிரைவர் சீட்டுக்கு நேர் பின்னால் உட்கார்ந்து, போகிற வழியெல்லாம் வர்ணனை செய்தார். அந்தக் கடையை எப்போது இடித்தார்கள், இந்தப் பாலம் எப்போது வந்தது, முன்னால் போகிற ஆட்டோக்காரனுக்கு லைசென்ஸ் கொடுத்தவன் யார். தன் பழைய டெலிபோன் ஆபீஸ் இப்போது செருப்புக்கடையாகி இருப்பதைக் கண்டு, அது மறையும் வரை கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசி ஸ்டாப்பில் எல்லோரும் இறங்கிய பிறகும் அவர் அசையவில்லை.

"முட்டி வலிக்குதா?"

"வலிக்கத்தான் செய்யுது. இதே டிக்கெட்டுல திரும்பக் கூட்டிட்டுப் போவியா?"

"புது டிக்கெட் எடுக்கணும். கண்டக்டர் விட மாட்டார்."

"சொந்த நாத்தனாருக்கே டிக்கெட்டா," என்று முனகிக்கொண்டே பையைத் திறந்தார்.

இப்போதும் சில நாள் டிரைவரம்மாவின் கணுக்கள் சிவந்து வீங்கும். அப்படிப்பட்ட நாளில் அவள் டிப்போவுக்குப் போன் செய்து, "இன்னைக்குக் கை சரியில்லை சார், கவுண்ட்டருக்கு வரேன்," என்று சொல்லிவிடுகிறாள். மேனேஜர் சரி என்று போனை வைத்துவிடுகிறார். அவ்வளவுதான் பேச்சு. அடுத்த அறையிலிருந்து அண்ணி அதைக் கேட்டுவிட்டு, இவளுக்கும் சேர்த்து டீத்தண்ணியைக் கொதிக்க வைக்கிறார்.